கிண்ணத்துக்குள் தேங்காய்

ஒரு காற்பந்துக் கழகத்தின் வரலாற்றில் தேங்காய்க்கு என்ன வேலை என்று கேட்பவர்கள், அந்தக் கிண்ணம் எங்கள் வீட்டுச் சாமி அறையில் ஓர் இரவு தங்கிப் போன கதையைக் கேட்டதில்லை. கழக அலுவலகத்தின் கண்ணாடி அலமாரியில் இன்றைக்கும் அது நிற்கிறது. இடது கைப்பிடிக்குக் கீழே கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு நெளிசல் இருக்கும். வெற்றி விழாவின் கூத்தில் யாரோ கீழே போட்டிருக்கிறார்கள் என்று பார்க்க வருகிறவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். நானும் மறுத்துச் சொல்வதில்லை, எங்கள் குடும்ப மானம் அதில் அடங்கியிருக்கிறது.

அப்போது நான் தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். ஜோகூர் மாநிலத்து ரெங்கத்தில் செம்பனை மரங்கள் முடிந்து வீடுகள் தொடங்கும் இடத்தில் இருந்தது எங்கள் தாமான் குடியிருப்பு. வீட்டில் அப்பா, அம்மா, நான், அம்மாவின் தங்கையான சின்னம்மா. இது ஏன், அது எப்படி, அவர்கள் எதற்கு வந்தார்கள் என்று கேட்டுக்கொண்டே இருப்பது என் பிறவிக் குணம். அம்மாவின் அண்ணனான மாமா எனக்கு இன்ஸ்பெக்டர் என்று பெயர் வைத்திருந்தார். எங்கள் வீட்டுக்கு வருவதை அவர் நிறுத்திய பிறகும் அந்தப் பெயர் மட்டும் என்னோடு தங்கிவிட்டது.

அவர் வருவதை நிறுத்தியதற்குக் காரணம் சின்னம்மாவின் வேலை. சின்னம்மாவுக்குப் பந்து உதைப்பதுதான் வேலை. பள்ளியில் டீச்சர் ஒருமுறை, "ஒங்க சின்னம்மா என்னா செய்றாங்க?" என்று கேட்டார். பந்து ஆடுகிறார் என்றேன். "அது சரி, வேலைக்கு எங்க போறாங்க?" என்று மறுபடி கேட்டார். அதுதான் டீச்சர் வேலை, கழகத்தில் ஒப்பந்தம் போட்டு மாதச் சம்பளம் கொடுக்கிறார்கள், ஓய்வுக்காலத்துக்குச் சேமநிதிகூடப் பிடிக்கிறார்கள் என்று விளக்கினேன். சேமநிதி என்றதும் டீச்சர் முகத்தில் ஒரு மரியாதை வந்தது. எங்கள் அப்பாவுக்கும் அந்த வேலைமேல் நம்பிக்கை வந்தது அந்த இடத்தில்தான்.

கழகத்தின் வரலாறு முழுவதையும் நான் சின்னம்மாவைக் குறுக்கு விசாரணை செய்தே தெரிந்துகொண்டேன். ஆரம்பத்தில் கழகம் என்று ஒன்றே கிடையாது. மின்னணுத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்த பெண்கள் ஷிப்ட் மாறும் நேரத்தில், லோரிகள் நிற்கும் சிமெந்துத் தரையில் பந்து உதைத்திருக்கிறார்கள். சரக்கு அடுக்கும் மரத்தட்டுகளை நிமிர்த்தி வைத்தால் அதுதான் கோல் கம்பம். ஆண்கள் குழு போட்டுக் கழித்த ஜெர்சிகள் இவர்களுக்கு வந்தன, கை முழங்கையைத் தாண்டித் தொங்கும். விளையாட்டுச் சாமான் கடை வைத்திருந்த ஒரு சீன தவுக்கே கொஞ்சம் பூட்ஸ் கொடுத்தாராம். அது போதாமல், காலை ஷிப்ட் பெண் கழற்றிக் கொடுப்பதை மாலை ஷிப்ட் பெண் மாட்டிக்கொள்வார். இரண்டு பேருக்கும் ஒரே அளவு கால் இல்லாவிட்டால் என்ன செய்வார்கள் என்று கேட்டேன். "பேப்பர் வைப்பாங்க. பெரிய காலா இருந்தா, வலிக்கும். அவ்ளோதான்லா," என்றார் சின்னம்மா.

இப்படிக் கடன் வாங்கின பூட்ஸில் ஆடியவர்கள் முதலில் வட்டாரப் போட்டியில் ஜெயித்தார்கள், பிறகு மாநிலத்தில் ஜெயித்தார்கள். பிறகுதான் கழகமாகப் பதிந்து, பயிற்றுநர் வைத்து, ஒப்பந்தம் போட்டார்கள். சின்னம்மா சேர்ந்தது அந்தச் சமயத்தில். இடது பக்கத் தற்காப்பு ஆட்டக்காரர். நான் ஒன்றாம் ஆண்டு படிக்கும்போது நாட்டிலேயே பெரிய கிண்ணத்தைக் கழகம் முதல்முறையாகத் தூக்கியது. அந்த இறுதியாட்டத்தை அம்மாவும் நானும் சமையற்கட்டில் கைப்பேசியில் பார்த்தோம். நல்ல மழை. முதல் பாதியில் ஒரு கோல் வாங்கி, பின்பாதியில் திருப்பி அடித்து ஜெயித்தார்கள். எதிரணி நம் கோல் பக்கம் வரும்போதெல்லாம் அம்மா கைப்பேசியைக் குப்புறக் கவிழ்த்துவிடுவார். அதனால் அந்த ஆட்டத்தில் சின்னம்மா என்ன செய்தார் என்பதை நான் பார்க்கவே இல்லை. தற்காப்பு ஆட்டக்காரரின் வேலை முழுவதும் அம்மா கவிழ்த்த நேரத்தில்தான் நடந்திருக்கிறது.

மாமாவின் கோபம் அதற்கும் முந்தியது. சின்னம்மாவைப் பெண் பார்க்க ஒரு குடும்பத்தை அவர் அழைத்து வந்திருந்தார். அன்றைக்கு ஓர் ஆட்டம் இருந்தது, முடிந்ததும் ஓடி வந்துவிடுகிறேன் என்று சின்னம்மா சொல்லிப் போனார். சொன்னபடி வரவும் செய்தார். வந்தவர்கள் கேசரி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கழக வேன் வாசலில் நின்றது. முழங்கால்வரை சேறும் அரைக்காற்சட்டையுமாக இறங்கியவர், எல்லோரையும் "வாங்க" என்று முறையாகக் கும்பிட்டுவிட்டு நொண்டிக்கொண்டே உள்ளே போனார். மாப்பிள்ளை வீட்டார் கேசரியைக்கூட முடிக்கவில்லை. அம்மா தங்கை பக்கம் பேசினார். மாமா எழுந்து போனவர்தான், அப்புறம் எங்கள் வாசலை மிதிக்கவில்லை.

ஆனால் ஊர் சின்னது, கோயிலும் ஒன்று. மாமா கோயில் நிர்வாகத்தில் தலைவர் வேறு. பார்த்துக்கொள்ளாமல் இருக்க முடியாது. அப்போதெல்லாம் இரண்டு பேருக்கும் நடுவில் நான்தான் தூது. சின்னம்மா கையெட்டும் தூரத்தில் நிற்பார். மாமா என்னைப் பார்த்து, "இன்ஸ்பெக்டர், ஒன் சின்னம்மாவ சர்க்கரைப் பொங்கல் வாங்கிக்கச் சொல்லு," என்பார். நான் சொல்வேன். "இருக்கட்டும்னு மாமாகிட்ட சொல்லு," என்பார் சின்னம்மா. அதையும் சொல்வேன். இரண்டு பேருக்கும் காது நன்றாகத்தான் கேட்டது. எனக்கு அலுத்துப் போயிற்று. மாமா ஒரே ஒரு தடவை சின்னம்மாவோடு நேராகப் பேசிவிட வேண்டும் என்று நான் சாமியிடம் வேண்டிக்கொள்ளாத வெள்ளிக்கிழமை கிடையாது.

பெரிய கிண்ணத்தை ஜெயித்த பிறகு கழகத்தில் ஒரு வழக்கம் வந்தது. அவ்வப்போது ஓர் ஆட்டக்காரரின் வீட்டுக்குக் கிண்ணம் ஓர் இரவு தங்கப் போகும். மறுநாள் சொந்தத் திடலில் ஆட்டம் முடிந்ததும், அந்த ஆட்டக்காரரே அதைத் தூக்கிக்கொண்டு திடலை ஒரு சுற்று வருவார். முதலில் பொந்தியானிலிருந்து வந்து ஆடிய ஓர் அக்கா வீட்டுக்குப் போனது. அவர்கள் வீட்டில் கிண்ணம் நிறைய அன்னாசிப் பழத்தை அடுக்கிப் படம் எடுத்து அனுப்பினார்கள். அடுத்து யோங் பெங்கில் கோல் காவலர் வீட்டுக்கு. அவர் பெற்றோரின் காப்பிக்கடை மேசையில் பிஸ்கட் டின்களுக்குப் பக்கத்தில், ஆரஞ்சுப் பழங்களைச் சுமந்துகொண்டு கிண்ணம் நின்றது. பொந்தியான் அக்காவுக்கு அப்புறம் குழந்தை பிறந்ததாகச் சொன்னார்கள். யோங் பெங் அக்கா காப்பிக்கடையைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்கள். இரண்டையும் இந்த இன்ஸ்பெக்டர் தனித்தனியாகத்தான் காதில் வாங்கிக்கொண்டார், சேர்த்துப் பார்க்கவில்லை.

நம் வீட்டுக்கு எப்போது என்று நான் நச்சரித்தேன். "வர்றப்ப வரும்லா," என்பார் சின்னம்மா.

வந்தது ஒரு சனிக்கிழமை மத்தியானம். அந்தப் பருவத்தின் கடைசி ஆட்டத்துக்கு முதல் நாள். சின்னம்மா அதைத் துவாலையில் சுற்றி, குளிப்பாட்டிய குழந்தையைப் போல அணைத்துக்கொண்டு வேனிலிருந்து இறங்கினார். இறங்கும்போது வலது முழங்காலை மடக்காமல் இறங்கினார். பருவத்தின் பாதியிலிருந்தே அவர் முழங்காலில் பட்டை கட்டியிருந்தார், ஆட்டங்களில் பெரும்பாலும் மாற்று ஆட்டக்காரர்கள் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார். ஏன் என்று கேட்டதற்கு, "முட்டி என்மேல கோவமா இருக்கு," என்றார். எப்போது கோபம் தீரும் என்றும் கேட்டேன். அதற்குள் அவருக்கு வேறு வேலை வந்துவிட்டது.

அம்மா கிண்ணத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு யாரையும் கேட்காமல் மாமாவுக்குப் போன் போட்டார். "கிண்ணம் வந்திருக்குண்ணே. இன்னிக்கு ஒரு ராத்திரிதான் இருக்கும். நீங்க வந்து ஒரு வௌக்கு ஏத்தி வச்சிட்டுப் போங்க," என்றார். அம்மா அவ்வளவு தணிந்து பேசி நான் கேட்டதில்லை.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு மாமா வந்தார். வெள்ளைச் சட்டை, வேட்டி, நெற்றி நிறைய திருநீறு. கூடத்து மேசையில் இருந்த கிண்ணத்தை ஒரு சுற்று சுற்றினார். சின்னம்மா சுவரோரமாக நின்றார்.

"இன்ஸ்பெக்டர், இது தங்கமான்னு கேளு."

"முலாம்னு சொல்லு," என்றார் சின்னம்மா.

"கைப்பிடியில ரிப்பன் எதுக்குன்னு கேளு."

"கழகத்துக் கலருன்னு சொல்லு."

மாமா குனிந்து அடிப்பாகத்தில் பொறித்திருந்ததை வாசித்தார். "மழையில ஒரு கோல் பின்னால இருந்தாங்களே, அந்த ஆட்டத்துக்குக் குடுத்ததான்னு கேளு," என்றார்.

எனக்கு உடனே சந்தேகம் வந்துவிட்டது. ஆட்டம் பார்க்காதவருக்கு மழை பெய்தது எப்படித் தெரியும், பின்னால் இருந்தது எப்படித் தெரியும்? கேட்க வாயைத் திறந்தேன். அம்மா என் தொடையில் கிள்ளினார். அந்தக் கேள்வி அப்படியே நின்றுபோனது.

கிண்ணத்தைச் சாமி அறையில் வைத்தோம். அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் மாமாவின் மனசுக்கு அது சரிப்படவில்லை. வீட்டுக்கு வந்த மங்கலப் பாத்திரத்தை வெறும் வாயோடு வைக்கக்கூடாது, கும்பம் வைத்துவிடலாம் என்றார். கோயிலில் எத்தனையோ கும்பாபிஷேகம் பார்த்தவர். யார் எதிர்த்துப் பேசுவது? முக்கால் கிண்ணம் தண்ணீர் ஊற்றி, மஞ்சள் கரைத்து, கொல்லையில் இருந்த மரத்திலிருந்து மாவிலை பறித்துச் சுற்றிலும் செருகினார். தேங்காய்க்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்து நடுவில் உட்கார வைத்தார். எங்கள் வீட்டுச் செம்பில் தேங்காய் சிம்மாசனத்தில் இருப்பதுபோல் உட்கார்ந்திருக்கும். இந்தக் கிண்ணத்துக்கோ வாய் அகலம், கீழே போகப் போக ஒடுக்கம். தேங்காய் ஒருபக்கமாகச் சாய்ந்தது. மாமா நிமிர்த்தினார். மறுபக்கம் சாய்ந்தது. நேராக நிற்கட்டும் என்று மேலிருந்து உள்ளங்கையால் ஓர் அழுத்து அழுத்தினார். 'பொளக்' என்று ஒரு சத்தம் கேட்டது. அதற்கப்புறம் தேங்காய் அசையவே இல்லை. "இப்ப எப்படி நிக்குது பாரு!" என்று மாமா என்னிடம் பெருமைப்பட்டார்.

கற்பூரம் காட்டிக் கும்பிட்டு முடித்தோம். சர்க்கரைப் பொங்கலும் ஆயிற்று. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தால் அன்றைய இரவாவது நிம்மதியாகப் போயிருக்கும். எனக்குத்தான் சும்மா இருக்க முடியவில்லை. இந்தத் தேங்காயை நாளைக்கு எப்படி எடுப்பார்கள் என்று கேட்டேன். அப்பா, "இப்படித்தான்," என்று குடுமியைப் பிடித்துத் தூக்கினார். தேங்காயோடு கிண்ணமும் சேர்ந்து எழும்பியது.

 அப்பா இன்னொரு முறை தூக்கினார், இன்னொரு முறை கிண்ணமும் வந்தது. விளிம்பில் எண்ணெய் விட்டார்கள். சவர்க்காரம் தடவினார்கள். கவிழ்த்து அடியில் தட்டினார்கள். மஞ்சள் தண்ணீர்கூட ஒரு சொட்டு வெளியே வரவில்லை, மாவிலைகளோடு சேர்ந்து தேங்காய் தக்கை அடித்ததுபோல் இறுகியிருந்தது. கடைசியில் சின்னம்மா இரண்டு கைப்பிடியையும் பிடித்துக்கொள்ள, அப்பா குடுமியைப் பிடித்து இழுத்தார். இடது கைப்பிடி லேசாக முனகியது.

"இழுக்காத பாப்பா! கைப்பிடி பேந்துரும்!" என்று மாமா கத்தினார்.

பாப்பா என்பது மாமா சின்னம்மாவைச் சின்ன வயதிலிருந்து கூப்பிட்ட பெயராம். அம்மா பிற்பாடு சொன்னார். சின்னம்மா கைகளை எடுத்துவிட்டு, "சரிண்ணே," என்றார். நான் தூது சொல்லத் திறந்த வாயை மூடிக்கொண்டேன். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சாமி இத்தனை வெள்ளிக்கிழமை கழித்துக் கொடுத்திருக்கிறார், அதுவும் தேங்காய் வழியாக. அம்மாவோ சமையற்கட்டு வாசலில் நின்று தோளில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒரு தேங்காய்க்கு இவ்வளவு அழுகையா என்று எனக்கு ஆச்சரியம்.

கழக மேனேஜர் ஒரு மலாய்க்கார அம்மா. அவருக்குப் போன் போட்டு, கிண்ணத்துக்குள் தேங்காய் மாட்டிக்கொண்டது என்று சின்னம்மா மலாயில் சொன்னார். மலாயில் தேங்காய்க்குக் கெலாப்பா என்று பெயர்.

"கெலாப்பா?" என்று கேட்டது போன்.

"கெலாப்பா," என்றார் சின்னம்மா.

"அலமாக்!" என்ற சத்தத்தோடு சிரிப்பு கிளம்பியது. நாங்கள் எல்லோரும் மேசையைச் சுற்றி நின்று அந்தச் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தோம். கடைசியில், எப்படி இருக்கிறதோ அப்படியே கொண்டு வா, ஆனால் ஆட்டம் முடிந்ததும் நீ அதைத் தூக்கிச் சுற்றி வந்தே ஆக வேண்டும், அதில் மட்டும் மாற்றமில்லை என்றார்.

அன்றிரவே உடைத்து எடுக்கலாம் என்றார் அப்பா. மாமா விடவில்லை. சாமியை அழைத்து வைத்த கும்பத்தை இருட்டியபின் கலைக்கக்கூடாது, விடிந்தபின் முறையாகக் கும்பிட்டுத்தான் கலைக்க வேண்டும் என்றார். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவருக்குச் செம்பனை எண்ணெய் ஆலையில் ஷிப்ட் இருந்தது. வேலை முடிந்து வந்தால் வீட்டில் உடைக்க நேரமிருக்காது, தன் காரில் திடலுக்குக் கொண்டுபோய் அங்கே தானே எடுத்துத் தருவதாகச் சொன்னார். "எங்கையால போனது பாப்பா. எங்கையாலதான் வெளிய வரணும்," என்றார். மாமா திடலுக்கு வரப் போகிறார் என்பதே அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது.

மறுநாள் சின்னம்மா கழக வேனில் முன்னாலேயே போய்விட்டார். மாமா வேலை முடிந்து வந்து, வேட்டி மாற்றிக்கொண்டு கும்பத்தைக் கும்பிட்டுத் திருநீறு போட்டு, சாமியிடம் மன்னிப்பும் கேட்டுக்கொண்டார். அவருடைய காரில் ஜோகூர் பாருவுக்குப் போனோம். கிண்ணம் என் மடியில், ஸ்பானரும் ஸ்குரூடிரைவரும் இருந்த பெட்டி முன் சீட்டில் அப்பா காலடியில். நெடுஞ்சாலை நெடுக நான் அந்தத் தேங்காயின் குங்குமத்தைப் பார்த்துக்கொண்டே போனேன். ஆட்டம் முடிவதற்குள் இது வெளியே வராவிட்டால் சின்னம்மா இத்தனை பேருக்கு முன்னால் இதைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும் என்று நினைத்து, குடுமியை அவ்வப்போது இழுத்து இழுத்துப் பார்த்தேன்.

உடை மாற்றும் அறைக்குப் பின்னால் தண்ணீர்க் குழாய் ஒன்று இருந்தது. அப்பாவும் அம்மாவும் பார்வையாளர் வரிசைக்குப் போக, மாமா என்னோடு அங்கே ஒரு பிளாஸ்டிக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். ஸ்குரூடிரைவரால் தேங்காயின் கண்ணைக் குத்தித் தேங்காய்த் தண்ணீரை வடித்தார். சிரட்டை ஓட்டை உள்பக்கமாக உடைத்து, பருப்பைக் கத்தியால் சீவிச் சீவி எடுத்தார். ஓடு லேசில் உடைகிற ஜாதியில்லை. ஒருமுறை ஓங்கித் தட்டியபோது கை நழுவி, 'டங்' என்று வேறொரு சத்தம் கேட்டது. இருவரும் குனிந்து பார்த்தோம். இடது கைப்பிடிக்குக் கீழே நெளிந்திருந்தது.

"இன்ஸ்பெக்டர், இது நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும்," என்றார் மாமா.

ஆட்டம் தொடங்கிவிட்டது. தங்கை ஆடுவதைப் பார்க்க முதல் தடவையாக வந்த மனிதர் திடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தேங்காய் சீவிக்கொண்டிருந்தார். எனக்கு மறுபடியும் தூது வேலை. கட்டடத்தின் மூலைக்கு ஓடிப் பார்த்துவிட்டு ஓடிவந்து சொல்வேன்.

"நம்ம பக்கம் கோல் வாங்கிட்டோம் மாமா."

"பாப்பா எறங்கிட்டாளா?"

"இன்னும் பெஞ்சிலதான்."

அடுத்த தடவை, "நாம ஒண்ணு போட்டுட்டோம்!" என்றேன். "அவ எறங்கிட்டாளா?" என்றுதான் அதற்கும் கேட்டார். இடைவேளை போனது, பின்பாதியும் பாதி போனது. சட்டையெல்லாம் தேங்காய்த் துருவல். கிண்ணத்துக்குள் ஒடுக்கமான இடத்தில் ஒரே ஒரு ஓட்டுத்துண்டு மட்டும் பாக்கி. கத்திக்கும் எட்டவில்லை, என் விரலுக்கும் எட்டவில்லை.

நான் மூலைக்கு ஓடினேன். சின்னம்மா கோட்டோரம் நின்று முழங்கால் பட்டையை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

"மாமா! எறங்கப் போறாங்க!"

மாமா கிண்ணத்தை அப்படியே என் கையில் திணித்துவிட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். கையில் கத்தி இருப்பது வேலியருகே போன பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. பக்கத்தில் நின்றவர்கள் சற்று விலகி இடம் விட்டார்கள்.

சின்னம்மா உள்ளே காலெடுத்து வைத்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். நம் அணித்தலைவர் ஓடிவந்து தன் கைப்பட்டையைக் கழற்றிச் சின்னம்மாவின் கையில் மாட்டிவிட்டார். எதிரணிப் பெண்களும் நின்று கைதட்டினார்கள். நடுவர்கூடத் தட்டினார். எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. "மேனேஜர் எல்லார்கிட்டயும் சொல்லிட்டாங்க மாமா. தேங்காய்க்காகத்தான் கைதட்டுறாங்க," என்றேன். மாமா வெட்கத்தோடு தலை குனிந்துகொண்டார்.

அம்மா கவிழ்த்து வைக்க அங்கே கைப்பேசி இல்லாததால் அன்றைக்குத்தான் சின்னம்மாவின் ஆட்டத்தை நான் முழுசாகப் பார்த்தேன். அவர் ஓடியது குறைவு. பந்து எங்கே வரப் போகிறதோ அங்கே முன்னாலேயே போய் நின்றார். எதிரணியின் வேகமான பெண் ஒருத்தி அவரைத் தாண்ட மூன்று நான்கு தடவை பார்த்தாள், ஒவ்வொரு தடவையும் சின்னம்மா பந்தைக் கோட்டுக்கு வெளியே தட்டிவிட்டார். கடைசியில் ஒருமுறை அவள் தாண்டியேவிட்டாள். கோலுக்கும் அவளுக்கும் நடுவில் யாரும் இல்லை. "விடாத பாப்பா! விடாத!" என்று மாமா வேலியைப் பிடித்து உலுக்கினார். சின்னம்மா அந்தக் கோபக்கார முழங்காலையே நீட்டி வழுக்கிக்கொண்டு போய்ப் பந்தைப் பறித்தார். எழுந்திருக்க நேரமாயிற்று. மாமா என் தோளைப் பிடித்த பிடியில் இரண்டு நாள் எனக்குத் தோள் வலித்தது.

ஆட்டம் சமநிலையில் முடிந்தது. சின்னம்மா வந்து என் கையிலிருந்த கிண்ணத்தை வாங்கிக்கொண்டார். உள்ளே எட்டிப் பார்த்தார், நெளிசலை விரலால் தடவிப் பார்த்தார். தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு நொண்டியபடி திடலைச் சுற்றத் தொடங்கினார். ஒவ்வோர் அடிக்கும் அந்த ஓட்டுத்துண்டு கிண்ணத்துக்குள் 'கடகட'வென்று உருண்டது. மணி ஏதோ கட்டியிருக்கிறார்கள் என்று கூட்டம் நினைத்திருக்கும். எங்கள் பக்கம் வந்தபோது அவர் முகமெல்லாம் ஈரம். வேலிக்கு மேலாகக் கிண்ணத்தை மாமாவிடம் நீட்டி, "பிடிங்கண்ணே," என்றார். மாமா வாங்கி மெல்ல ஆட்டிப் பார்த்தார். "இன்னும் ஒரு துண்டு இருக்கு பாப்பா," என்றார்.  "இருக்கட்டும்ண்ணே," என்றார் சின்னம்மா.

அந்தக் கழகத்தில் யார் ஆட்டத்தை விட்டுப் போகிறாரோ அவர் வீட்டுக்குத்தான் கிண்ணம் தங்கப் போகும். இது எனக்குத் தெரிய வந்தபோது நான் இடைநிலைப் பள்ளிக்குப் போய்விட்டிருந்தேன். சின்னம்மாவின் முழங்கால் இனித் தாங்காது என்று மருத்துவர் பல வாரங்களுக்கு முன்பே சொல்லியிருக்கிறார். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் தெரியும். மாமாவுக்குத் தெரியாது. சின்னம்மா அவரிடம் அதைச் சொல்ல வெகுநாள் ஆயிற்று. சொன்ன பிறகும் மாமா திடலுக்குப் போவதை நிறுத்தவில்லை. கழகத்தின் அடுத்தடுத்த வெற்றிகளை அண்ணனும் தங்கையும் பார்வையாளர் வரிசையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துதான் பார்த்தார்கள்.

ஆனால் அன்றைக்கு வீடு திரும்பும்போது காரில் இதெல்லாம் எனக்குத் தெரியாது. மாமா உற்சாகமாக ஓட்டினார். பக்கத்தில் அப்பா, பின்னால் எனக்கு ஒருபுறம் சின்னம்மா, மறுபுறம் அம்மா. "அடுத்த சீசன்ல ஒரு ஆட்டம் விடமாட்டேன் பாப்பா. முன்னாடியே வந்து ஒக்காந்துருவேன்," என்றார் மாமா.

"வாங்கண்ணே," என்றார் சின்னம்மா.

கிண்ணம் நம் வீட்டுக்கு மறுபடி எப்போது வரும் என்று கேட்டேன். ஒரு வீட்டுக்கு ஒரு தடவைதான் என்றார் சின்னம்மா. எனக்குக் காரணம் உடனே விளங்கியது, நம்மை நம்பி இனி யார் கொடுப்பார்கள்? "அடுத்த தடவ தேங்காய் வேணாம் சின்னம்மா, பூ மட்டும் வைக்கிறோம்னு மேனேஜர்கிட்ட சொல்லுங்க. குடுப்பாங்க," என்றேன்.

மாமா ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தார். சின்னம்மாவும் முழங்காலைத் தடவிக்கொண்டே சிரித்தார். "சரிம்மா, பூ மட்டும் வைப்போம்," என்றார். அம்மா மட்டும் சன்னல் பக்கம் திரும்பி, செம்பனை மரங்களையே பார்த்துக்கொண்டு வந்தார். நம்ம ரெங்கத்தில் பார்க்காத செம்பனையா அம்மா, என்று கேட்டேன். அம்மா இந்தத் தடவை கிள்ளாமல் என் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டார்.